டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குக் கீழே

பழைய அம்பாசிடரோ பியட்டோ வைத்திருப்பவர்கள் இப்போது என் பட்டறைக்கு வந்தால், வண்டியை அணைத்த கையோடு கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, பிளாட்டினத்தைக் கழட்டிட்டு எலக்ட்ரானிக் போட்டுடலாமா?" போடலாம். பல வண்டிகளுக்குப் போட்டிருக்கிறேன், நன்றாகவும் ஓடுகின்றன. (பிளாட்டினம் என்று நாங்கள் சொல்வது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிக் காயிலின் கரண்டை அறுக்கும் இரண்டு முனைகளை.) ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்க்காமல் நான் யாருக்கும் சரி என்று சொன்னதில்லை. அதற்கான காரணத்தைச் சொல்ல எழுபதுகளுக்குப் போக வேண்டும்.

திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் இப்போதைய காவிரிப் பாலம் 1976இல் திறந்தது. அது புதுப்பாலமாக இருந்த காலத்தில்தான் பாலக்கரையில் ஓர் ஆட்டோ எலக்ட்ரிக் பட்டறையில் கையாளாகச் சேர்ந்தேன். தொழில் சொல்லிக் கொடுத்தவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு ஊரில் ஓடிய கார்கள் அம்பாசிடர், பியட், கொஞ்சம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அவ்வளவுதான். ஜங்ஷன் வாசலில் டாக்ஸியாக நின்றவை அம்பாசிடர். ஸ்ரீரங்கத்து வக்கீல்களும் டாக்டர்களும் விரும்பி வைத்திருந்தது பியட். டைனமோ, செல்ஃப், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் என்று எதைப் பிரித்தாலும் உள்ளே சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் சரக்குதான் இருக்கும். பிளக் என்றால் மைக்கோ.

முதல் வருஷம் முழுக்க எனக்கு வேலை பெட்ரோலில் சாமான் கழுவுவது. அதற்கப்புறம்தான் பிளாட்டினத்தில் கை வைக்க விட்டார் பாய். வைக்கும் முறையும் அவர் சொன்னபடிதான் இருக்க வேண்டும். மூடியின் இரண்டு கிளிப்பையும் விலக்கி, ரோட்டரை உருவி எடுத்ததும் நடுவில் நாலு முனையுள்ள கேம் தெரியும். அதை உரசிக்கொண்டு பிளாட்டினத்தின் ஃபைபர் துண்டு நிற்கும். வண்டியின் முன்னால் கிராங்க் ஹாண்டிலைச் சொருகி நான் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஃபைபர் சரியாகக் கேமின் முனை உச்சியில் ஏறி நிற்கும்போது பாய் "நிறுத்து" என்பார். அம்பாசிடருக்கு அந்த இடத்தில் இடைவெளி 0.014இலிருந்து 0.016 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஃபீலர் கேஜின் தகடு இரண்டு முனைக்கும் நடுவே பிடித்தும் பிடிக்காமலும் வர வேண்டும். ஸ்குரூவை இறுக்கும்போது இடைவெளி நகர்ந்துவிடும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும். புதுப் பிளாட்டினம் என்றால் துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பெனியில் பூசிய எண்ணெயை முதலில் பெட்ரோல் துணியால் துடைக்க வேண்டும். துடைக்காமல் போட்டால் சில நாளிலேயே முனை கருகிவிடும். கடைசியாகக் கேமின்மேல் ஒரு பொட்டு கிரீஸ். அது கூடினால் தெறித்து முனையில் ஒட்டும், குறைந்தால் ஃபைபர் தேயும்.

அந்த ஃபைபர் தேய்மானத்தில்தான் எங்கள் பிழைப்பே இருந்தது. ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் முனை திறப்பது தாமதமாகும், பொறியும் தாமதமாக விழும். வண்டிக்குப் பிக்கப் போய்விடும், என்ஜின் சூடாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். டிரைவர் கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டு வருவார். பாய் கார்புரேட்டரைத் தொடாமல் மூடியைத் திறப்பார். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தரம் இடைவெளி பார்த்தால் இந்தத் தொல்லை கிடையாது என்று எல்லாரிடமும் சொல்வோம். கேட்டவர்கள் குறைவு.

அந்தச் சின்ன முனை படும் பாட்டை யோசித்துப் பாருங்கள். என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடினால் டிஸ்ட்ரிபியூட்டர் 1,500 சுற்று. சுற்றுக்கு நாலு தரம் முனை திறந்து மூட வேண்டும். ஆக நிமிஷத்துக்கு 6,000 தரம், விநாடிக்கு 100 தரம். ஒவ்வொரு தரம் திறக்கும்போதும் காயிலில் ஓடிய கரண்ட் அறுபடுகிறது. அந்த அறுபடலில்தான் காயிலின் இன்னொரு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் பிறந்து பிளக்குக்குப் போகிறது. அமெரிக்கர் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் காடிலாக் காருக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. எழுபது எண்பது வருஷம் உலகத்து பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை இதை வைத்துத்தான் ஓடின.

முனையோடு சேர்ந்த இன்னொரு சாமான் கண்டன்சர். விரல் நுனி அளவு உருளை, 0.2 மைக்ரோஃபாரட் வாக்கில் இருக்கும். முனை திறக்கும்போது அங்கே பொறி பறந்து வீணாகாமல் அது வாங்கிக்கொள்ளும். கண்டன்சர் கெட்டால் முனை நீலம் பாய்ந்து கருகும், பிளக்கில் விழும் பொறி வெளுத்த மஞ்சளாக இருக்கும். நல்ல பொறி நீலமாக, 'சட்' என்ற சத்தத்தோடு விழ வேண்டும். ஒரு முனையில் பள்ளமும் எதிர்முனையில் மேடும் விழுந்திருந்தால், பிளாட்டினத்தை மட்டும் மாற்றி வண்டியை அனுப்பக் கூடாது என்பார் பாய். கண்டன்சரையும் பார்த்தாக வேண்டும்.

1977 நவம்பர் வெள்ளத்தைத் திருச்சிக்காரர்கள் மறக்கமாட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் சேறு பூசிய கார்கள் வரிசையாக வந்தன. என்ஜின் ஆயிலை மாற்றுவது மெக்கானிக் பட்டறை வேலை. எங்களுக்கு டைனமோ, செல்ஃப், டிஸ்ட்ரிபியூட்டர். மூடிகளைக் கழுவி வெயிலில் உலர்த்தி மாட்டினோம். சில வண்டி அப்படியும் ஒரே நேரத்தில் இரண்டு சிலிண்டரில் மிஸ் அடித்தது. மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்குத் தலைமுடி கனத்தில் கறுப்புக் கோடு ஓடியிருக்கும். ஈரத்தில் பொறி பாய்ந்து பாய்ந்து பேக்கலைட்டில் தனக்கென்று ஒரு பாதை போட்டுக்கொண்டிருக்கிறது. சுரண்டினாலும் போகாது, மூடியையே மாற்ற வேண்டும். இன்றைக்கும் ஐப்பசி மழையில் நின்றுபோகும் பழைய வண்டியில் நான் முதலில் தேடுவது அந்தக் கோட்டைத்தான். எலக்ட்ரானிக் கிட் போட்ட வண்டியிலும் அதே மூடிதான் இருக்கிறது.

கிறைஸ்லர் கம்பெனி 1973 வாக்கிலேயே அமெரிக்காவில் தன் எல்லாக் கார்களிலும் எலக்ட்ரானிக் இக்னிஷனைக் கொண்டுவந்துவிட்டது. எங்கள் கண்ணில் அது பட்டது முதலில் ஸ்கூட்டரில்தான். பக்கத்து மூடியில் 'எலக்ட்ரானிக்' என்று எழுதிய பஜாஜ் வண்டிகள் தெருவில் ஓடத் தொடங்கின. பிளாட்டினம் இடைவெளி வைக்க வரிசையில் நின்ற ஸ்கூட்டர்கள் குறைந்தன. 1983 கடைசியில் மாருதி வந்தது. டாக்ஸிக்காரர்கள் ஒவ்வொருவராக டீசல் அம்பாசிடருக்கு மாறினார்கள். டீசலுக்கு பிளக்கும் கிடையாது, பிளாட்டினமும் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வேலை செல்ஃப், ஆல்டர்னேட்டர், லைட் ஒயரிங் என்று ஆகிவிட்டது. பிளாட்டினம் வைக்கத் தெரியாமலே ஒரு தலைமுறை எலக்ட்ரீஷியன்கள் நல்ல தொழில்காரர்களாக வளர்ந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வண்டியில் இல்லாததை அவர்கள் எதற்குக் கற்க வேண்டும்?

பழைய வண்டிகளுக்கு மவுசு திரும்பியது அம்பாசிடர் நின்ற பிறகுதான். உத்தர்பாரா தொழிற்சாலை 2014 மே மாதம் மூடியது. அதற்குப் பின், தாத்தாவின் வண்டி ஷெட்டில் கிடக்கிறது, ஓட வைக்க முடியுமா என்று கேட்டுப் பேரன்கள் வரத் தொடங்கினார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட என்றே சிலர் வாங்கினார்கள். அப்போதுதான் எனக்குப் பெரிய சிக்கல் ஒன்று புரிந்தது. பிளாட்டினமும் கண்டன்சரும் கடையில் கிடைத்தன, ஆனால் பழைய தரத்தில் கிடைக்கவில்லை. ஃபைபர் மெத்தென்று இருக்கும், ஆயிரம் கிலோமீட்டருக்குள் தேய்ந்துவிடும். இரண்டு முனையும் நேருக்கு நேர் பொருந்தாது. புதுக் கண்டன்சரை மீட்டரில் வைத்தால் நல்ல அளவு காட்டும், என்ஜின் சூட்டில் அரை மணி நேரம் வெந்ததும் கைவிட்டுவிடும். என் அனுபவத்தில், பிளாட்டினத்தை விட்டு எலக்ட்ரானிக்குக்குப் போக உண்மையான காரணம் இதுதான். வேகம் கூடும், மைலேஜ் அள்ளும் என்று விற்பவர்கள் சொல்வதை நான் சொல்வதில்லை. நல்ல பிளாட்டினம் சரியான இடைவெளியில் இருந்தால், வழக்கமான வேகத்தில் ஓட்டுகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அந்த நல்ல பிளாட்டினம் கிடைப்பதில்லை என்பதுதான் விஷயம்.

கிட் என்பது சின்ன சாமான். பிளாட்டினம் இருந்த இடத்தில் ஒரு மாட்யூல் உட்காரும், கேமின்மேல் காந்தம் பதித்த ஒரு வளையம் ஏறும். காந்தம் மாட்யூலின் முகத்தைக் கடக்கும்போது உள்ளே இருக்கும் ஹால் சென்சார் அதை உணர்ந்து காயில் கரண்டை அறுக்கும். உரசல் இல்லாததால் தேய்மானம் இல்லை. சிகப்பு ஒயர் காயிலின் பிளஸ்ஸுக்கு, கறுப்பு ஒயர் மைனஸ்ஸுக்கு. மூடியை மாட்டிவிட்டால் வெளியே எதுவும் மாறியதாகத் தெரியாது. மாட்டுவதற்கு அரை மணி நேரம் போதும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதற்குத்தான் ஒரு நாள் பிடிக்கும்.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தன் மார்க் 2 அம்பாசிடரைக் கொண்டுவந்தார். ஐடிலில் வண்டி கல் மாதிரி நிற்கும், ஆக்சிலேட்டரை மிதித்ததும் வெட்டி வெட்டி இழுக்கும். வேறு இரண்டு இடத்தில் பிளாட்டினம் மாற்றிப் பார்த்தாயிற்று. கையில் கிட் பெட்டியோடு வந்திருந்தார்.

"என்னப்பா, பொட்டி வாங்கியாச்சு. இதப் போட்டுக் குடுத்துடு, போதும்."

"போட்டுடலாம் சார். ஒரு தடவ மூடியத் தொறந்து பாத்துடறேன்."

கார்புரேட்டரிலிருந்து வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினேன். உள்ளே பிளேட் நகர்ந்தது, அந்த டயாப்ரம் நல்லதுதான். காயிலின் பிளஸ்ஸுக்கும், முனை மூடியிருக்கும்போது பிளேட்டுக்குமாக டெஸ்ட் லேம்ப் வைத்து மறுபடி உறிஞ்சினேன். பிளேட் நகர்ந்ததும் லேம்ப் அணைந்தது, விட்டதும் எரிந்தது. நகரும் பிளேட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் பாடிக்கு ஓடும் பின்னல் எர்த் ஒயர், துணி உறைக்குள் அறுந்து கிடந்தது. உறை முழுசாக இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. ஐடிலில் இரண்டு துண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். மிதித்தால் வேக்குவம் பிளேட்டை இழுக்கும், ஒயர் விலகும், பொறி போய்விடும்.

"சார், நீங்க இத அப்படியே விட்டுட்டுக் கிட்டப் போட்டிருந்தா, அதுவும் இதே மாதிரிதான் வெட்டியிருக்கும். மாட்யூலுக்கும் எர்த் இந்தப் பிளேட் வழியாத்தான் வருது."

"அப்போ இத்தன நாளா மாத்தின பிளாட்டினமெல்லாம்?"

"அதுங்க மேல ஒரு தப்பும் இல்ல சார்."

வளையும்படியான மெல்லிய இழை ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன். அன்று பிளாட்டினத்தோடே பாலத்தைத் தாண்டி வீடு போனார். கிட்டைப் பிறகு ஒரு நாள் வந்து போட்டுக்கொண்டார், இரண்டுக்கும் சேர்த்து ஒரு கூலிதான் வாங்கினேன்.

அடுத்துப் பார்ப்பது ஷாஃப்ட் ஆட்டம். ரோட்டர் ஏறும் தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் கையில் ஆட்டம் தெரியக் கூடாது. புஷ் தேய்ந்து தண்டு ஆடினால் பிளாட்டினத்தில் இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும். எலக்ட்ரானிக் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், முழுக்கப் பொறுக்காது. திருச்சியில் லேத் வேலைக்குப் பஞ்சமில்லை. பெல் (BHEL) தொழிற்சாலைக்கு வேலை செய்து பழகிய கைகள் திருவெறும்பூர், அரியமங்கலம் பக்கம் நிறைய. புது வெண்கலப் புஷ்ஷை ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறப்போட்டு, மறுநாள் கடைந்து ஏற்றித் தந்துவிடுவார்கள்.

பிளேட்டுக்கு அடியில் இரண்டு எடைக்கட்டிகளும் இரண்டு ஸ்பிரிங்கும் இருக்கும். வேகம் கூடினால் எடை விரிந்து டைமிங்கை முன்னுக்குத் தள்ளும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் பலவற்றில் ஒரு ஸ்பிரிங் இறுக்கமாகவும் இன்னொன்றின் வளையம் தளர்வாகவும் இருக்கும். தளர்ந்த ஸ்பிரிங் வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டது. முதல் கட்டத்தில் ஒரு ஸ்பிரிங் மட்டும் வேலை செய்து டைமிங் வேகமாக ஏறும், அதற்கு மேல்தான் இரண்டாவது பிடிக்கும். விவரம் தெரியாதவர்கள் அதைப் பழுது என்று நினைத்து வளைத்து இறுக்கிவிடுகிறார்கள். அப்படி இறுக்கிய வண்டிக்கு எந்தக் கிட்டைப் போட்டாலும் நடு வேகத்தில் மந்தமாகத்தான் இழுக்கும். இதைத் தெரியாமல் மூன்று நாலு கடை மாறிய வண்டிகள் உண்டு. அந்தச் சின்னக் கம்பியைப் பழையபடி விட்டதும் ஓட்டுகிறவர் முகத்தில் தெரியும் மாற்றத்துக்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம்.

பிறகு காயில். மீட்டரில் அதன் பிரைமரி 3 ஓம் காட்டினால் 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடும். பலாஸ்ட் ரெசிஸ்டன்ஸோடு வரும் காயில் பாதி, ஒன்றரை ஓம்தான். ரெசிஸ்டன்ஸ் வழியாக வந்தால் அதற்கு ஆபத்தில்லை. கிட் முழு 12 வோல்ட் கேட்கிறது என்று ரெசிஸ்டன்ஸைத் தூக்கிவிட்டு அதே காயிலை வைத்தால் 8 ஆம்பியர் ஓடி, காயிலும் மாட்யூலும் சேர்ந்து வெந்துபோகும். பிளக் ஒயரும் முக்கியம். உள்ளே வெறும் செம்புக் கம்பி உள்ள பழைய ஒயர் எழுப்பும் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும், ரெசிஸ்டன்ஸ் உள்ள ஒயரோ கேப்போ போட வேண்டும். பிளக் இடைவெளியை 0.025 அங்குலத்திலிருந்து கூட்டலாம் என்பார்கள். நான் 0.030க்கு மேல் போவதில்லை. காயிலும் மூடியும் பழசு, பேராசை வேண்டாம். எல்லாம் முடிந்ததும் டைமிங் லைட் பிடித்துப் புதிதாக டைமிங் வைத்தே தீர வேண்டும். பிளாட்டினம் திறந்த இடமும் காந்தம் கடக்கும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை.

மாட்யூல் சாகிறது என்றால் பெரும்பாலும் சாவியால்தான் சாகிறது. திருவானைக்கோவில் பக்கம் ஒரு மண்டபத்து வாசலில் பெண்ணழைப்புக்கு நின்ற அம்பாசிடரில், டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்கச் சாவியை ஆன் செய்தே வைத்திருந்தார். ரேடியோ இக்னிஷன் லைனில் இருந்தது. காயில் தொட முடியாமல் கொதித்து, மாட்யூல் போயே போய்விட்டது. ரேடியோவுக்குத் தனி ஃப்யூஸோடு பேட்டரியிலிருந்து நேர் லைன் இழுத்துக் கொடுத்தேன். இப்போது கிட் போடும் எந்த வண்டியிலும் அதை முதல் வேலையாகச் செய்கிறேன். கழற்றிய பிளாட்டினத்தையும் கண்டன்சரையும் பிளேட்டோடு ஒரு டப்பாவில் போட்டு டேஷ்போர்டில் வைத்து அனுப்புகிறேன். நடுவழியில் மாட்யூல் கைவிட்டால் ஸ்குரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் அதைத் திரும்ப மாட்டலாம்.

2022 செப்டம்பரில் காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்காக மூடியபோது கார்கள் நெடுஞ்சாலைப் பாலம் வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. நெரிசலில் ஊர்ந்து பழைய வண்டிகள் நின்றன. எனக்கு வந்த போன்களில் எல்லாரும் சொன்னது, "கிட்டு போச்சுண்ணே." போய்ப் பார்த்தால் பொறி நீலமாக விழுகிறது. பெட்ரோல் பம்பு சூட்டில் காய்ந்து, லைனில் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கிறது. பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் விட்டதும் கிளம்பியது. சூட்டில் நின்றால் முதலில் பொறியைப் பாருங்கள், பொறி இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரை விட்டுவிடுங்கள் என்று டிரைவர்களுக்கு இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதியும் விதி 2021 ஜூலையில் வந்தது. மூல வடிவம் கெடாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அதிலிருந்து சிலர் கிட் போடத் தயங்குகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு துளைகூடப் போடாமல் மாட்டலாம், எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கலாம் என்பதை அவர்களுக்குக் கழற்றியே காட்டுகிறேன். மூடியை வெட்டுகிற, பாடியில் ராவுகிற கிட்டை நான் எந்த வண்டியிலும் போடமாட்டேன்.

சில வண்டிகளுக்கு வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். தில்லைநகரில் ஒருவரிடம் ஐம்பதுகளின் மாரிஸ் மைனர் இருக்கிறது. அதில் பேட்டரியின் பிளஸ்தான் பாடிக்கு எர்த். மைனஸ் எர்த்துக்குச் செய்த கிட்டை மாட்டினால் அந்த நிமிஷமே கருகும். பிளஸ் எர்த் கிட் தனியாக உண்டு, விலை அதிகம். டைனமோ வண்டி வேறு, ஐடிலில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. மாதம் ஒரு தரம் முக்கொம்பு வரை ஓட்டுகிறவருக்கு அது தேவையில்லை என்று சொன்னேன். என்னிடம் பழைய ஸ்டாக்கில் மிஞ்சியிருந்த நல்ல பிளாட்டினம் ஒன்றைப் போட்டு, கண்டன்சரை மட்டும் சூட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தேன். 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர், எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைப்பது, காயில் பக்கத்தில் கிளாம்ப் போட்டு மாட்டியிருக்கிறேன். இதுவரை அந்த முனையில் பள்ளம் விழவில்லை. இடைவெளி பார்க்க அவரே ஒரு ஃபீலர் கேஜ் வாங்கி வைத்திருக்கிறார், கிராங்க் ஹாண்டிலைச் சுற்ற அவர் பேத்தி வருகிறாள்.